அந்த ஏழு கிழமையைத் தவறவிடாதீர்கள்

திருகோணமலை மாவட்டத்தில் கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக் நடத்தும் சுகாதார வைத்திய அதிகாரிகளுக்கும், வீடு வீடாக வரும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும்,

வணக்கம்.

கர்ப்பிணித் தாயிடம் புகையிலையைப் பற்றி நீங்கள் கேட்கும் கேள்வியைப் பற்றித்தான் இந்த மடல். போன மாதம் என் மகளுக்குத் துணையாகக் கிளினிக்குக்குப் போனேன். அவளுக்கு இது முதல் பிள்ளை. எட்டாம் கிழமை தொடங்கியிருந்தது. வாங்கில் ஒரு மணி நேரம் இருந்த பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். நிறை பார்த்தார்கள், உயரம் அளந்தார்கள், பிரஷர் எடுத்தார்கள். ஒவ்வொன்றாகக் கேட்டுப் புத்தகத்தில் எழுதினார்கள். நடுவில் ஒரு கேள்வி வந்தது: "சிகரட் குடிக்கிறனீங்களா?" மகள் சிரித்துவிட்டாள். கேட்டவரும் சிரித்தார். "இல்லை" என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

மகள் சொன்னது பொய் இல்லை. அவள் வாழ்நாளில் ஒரு சிகரட்டைத் தொட்டதில்லை. ஆனால் அவள் படுக்கிற அறையின் யன்னலோரம் நின்று மருமகன் இரவில் இரண்டு சிகரட் பிடிக்கிறார். காற்று கடலிலிருந்து வீசுகிற நாளில் புகை வெளியே போகாது, உள்ளேதான் வரும். அதை யாரும் கேட்கவில்லை. கேட்காததால் அவளுக்கும் அது சொல்ல வேண்டிய ஒன்றாகத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து நான் சொன்னபோது, "அது அவர் குடிக்கிறது அம்மா, நானா குடிக்கிறன்?" என்றாள்.

இந்த மடலை எழுத வைத்தது அந்தப் பதில்தான். ஏனென்றால் இருபத்தொன்பது வருடங்களுக்கு முன் இதே கேள்விக்கு நானும் இதே போல "இல்லை" என்று சொன்னவள். அன்றைக்கு என் வாயில் புகையிலை இருந்தது.

அது 1996. திருக்கடலூரில் மாமியின் வீட்டில் இருந்தோம். மாமி சுருட்டுக் குடிப்பார். அந்தக் காலத்தில் கரையில் கருவாடு காயப்போடுகிற ஆச்சிமார் சுருட்டும் வாயுமாக இருப்பது எங்களுக்குப் புதினமில்லை. என் வீட்டுக்காரர் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர். கடலுக்குப் போக நேரக் கட்டுப்பாடு இருந்த காலம் அது. போக முடியாத நாட்களில் விறாந்தையில் இருந்து ஒன்றன் பின் ஒன்றாகப் பற்றவைப்பார். கையில் காசிருந்தால் சிகரட், இல்லாவிட்டால் பீடி. வீடு சின்னது. விறாந்தை, ஒரு அறை, ஓலை வேய்ந்த குசினி, அவ்வளவுதான். புகைக்கும் எனக்கும் நடுவில் ஒரு சேலைத் திரைதான் இருந்தது.

மூன்றாம் மாதம் எனக்குச் சரியான சத்தி. தண்ணீர் குடித்தாலும் வெளியே வந்துவிடும். வாய் ஊறிக்கொண்டே இருக்கும். மாமிக்கு என் மேல் உண்மையான அன்பு. என் முகத்தைப் பார்த்துப் பொறுக்க முடியாமல்தான் ஒரு வெற்றிலையை மடித்து, நகத்தளவு யாழ்ப்பாணத்துப் புகையிலைத் துண்டையும் வைத்து, "இதைப் போடு பிள்ளை, வாய் ஊறுறது நிக்கும்" என்று தந்தார். முதல் நாள் தலை சுற்றியது. இரண்டாம் நாள் சுற்றவில்லை. ஒரு கிழமைக்குள் நானே கேட்டு வாங்கினேன். ஐந்தாம் மாதம் ஒரு நாளைக்கு எட்டுத் தரம். சத்தி எப்போதோ நின்றுவிட்டது, புகையிலை நிற்கவில்லை.

சிகரட் என்பது ஆண்கள் குடிப்பது, சுருட்டு என்பது கிழவிகள் குடிப்பது, நான் போடுவது வெறும் வெற்றிலை. அன்றைக்கு என் மனதில் இருந்த கணக்கு இதுதான். அதனால் கிளினிக்கில் கேட்டபோது மனச்சாட்சி குத்தாமல் "இல்லை" என்றேன்.

முப்பத்தைந்தாம் கிழமையில் மகள் பிறந்தாள். நிறை 1 கிலோ 900 கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். முலையை உறிஞ்ச அவளுக்குப் பலம் இல்லை. பாலைப் பிழிந்து, சின்னக் கரண்டியால் சொட்டுச் சொட்டாக வாய்க்குள் விட்டேன். ஒரு தரத்துக்கு ஒரு மேசைக்கரண்டி போனால் அது எனக்குப் பெருநாள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனா. நான் பதினெட்டு நாள் அங்கேயே இருந்தேன். விரலை நீட்டினால் அவளுடைய முழுக் கையும் என் விரலில் ஒரு கணுவுக்குள் அடங்கும்.

இதெல்லாம் புகையிலையால் மட்டும் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். எனக்கு இரத்தம் குறைவு. சாப்பாடு போதாது. பயம் வேறு. எது எவ்வளவு காரணம் என்று இப்போது யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் மாற்றிக்கொள்ளக்கூடியதாக என் கையில் இருந்தது அந்த ஒன்றுதான். அதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

2001இல் இரண்டாம் தரம் முழுகாமல் இருந்தபோது வேறொரு குடும்பநல உத்தியோகத்தர், எங்கள் பேச்சில் மிஸ், எங்கள் பகுதிக்கு வந்திருந்தார். கிளினிக்குக்கு நான் போகுமுன் அவரே வீட்டுக்கு வந்துவிட்டார். கதிரை போட்டும் இருக்கவில்லை. குசினிப் பலகையில் குந்தினார். வெற்றிலைத் தட்டம் பக்கத்தில் இருந்தது. அவர் என்னிடம் சிகரட்டைப் பற்றிக் கேட்கவேயில்லை. "தங்கச்சி, ஒரு நாளைக்கு எத்தனை தரம் போடுவீங்கள்? புகையிலையும் வைக்கிறனீங்களோ?" என்றார். பிறகு, "அவர் எங்க வச்சுக் குடிக்கிறவர்?" முகத்தில் கோபமோ குற்றஞ்சாட்டுவதோ இல்லை. மீன் என்ன விலை என்று கேட்பது போலக் கேட்டார். அதனால்தான் நான் உண்மையைச் சொன்னேன்.

அப்புறம் அவர் விளங்கப்படுத்தியதை இன்றைக்கும் அப்படியே சொல்வேன். "கந்தளாய்க் குளத்தில தண்ணி நிறைய நிக்குது எண்டு வையுங்கோ. தம்பலகாமத்துக்கு வாற வாய்க்கால் ஒடுங்கிப் போச்செண்டால் வயலுக்கு என்ன வரும்?" என்று கேட்டார். என் அப்பா வயல் செய்தவர். எனக்கு அது உடனே பிடிபட்டது. புகையிலையில் இருக்கிற நிக்கோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். பிள்ளைக்கு உணவும் ஒட்சிசனும் போவது நச்சுக்கொடி வழியாக. குழாய் ஒடுங்கினால் தாய் எவ்வளவு சாப்பிட்டாலும், எத்தனை பக்கட் திரிபோஷா சத்துமாவைக் கரைத்துக் குடித்தாலும் பிள்ளைக்குப் போய்ச்சேர்வது குறையும். வாயில் அடக்கினாலும் சரி, புகையாக இழுத்தாலும் சரி, நிக்கோட்டின் இரத்தத்தில் கலந்து நச்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குள்ளும் போகிறது.

புகைக்கு இன்னொரு கேடு உண்டு. எரிகிற புகையிலையின் புகையில் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு இருக்கிறது. நம் இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கிற ஈமோகுளோபினோடு அது ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஒட்சிசன் ஏற வேண்டிய இடத்தில் அது ஏறி இருந்துவிடும். வயிற்றுப் பிள்ளையின் இரத்தத்தில் தாயின் இரத்தத்தைவிட அதிகமாகவே சேரும். தானாக மூச்சுவிடத் தொடங்காத ஒரு உயிருக்கு மூச்சுத் திணறல் என்றால் அதன் அர்த்தம் இதுதான்.

என் தங்கையின் மகள் தாதியாக வேலை செய்கிறாள். போன மாதத்திலிருந்து அவளைக் கரைச்சல்படுத்திக் கேட்டும், கிடைத்ததை வாசித்தும் நான் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன். உங்களுக்கு இது புதிதாக இருக்காது. இருந்தாலும், உங்களுக்குத் தெரிந்தது எங்கள் வீட்டுக்குள் வந்துசேரவில்லை என்பதைக் காட்டத்தான் எழுதுகிறேன்.

கர்ப்ப காலத்தில் புகைக்கிற தாய்க்குப் பிறக்கும் பிள்ளையின் நிறை சராசரியாக 200 கிராம் அளவுக்குக் குறைகிறது. குறைமாதப் பிறப்பு, கருச்சிதைவு, பிள்ளை வயிற்றிலேயே இறப்பது, நச்சுக்கொடி நேரத்துக்கு முன் கழன்று இரத்தப்போக்கு ஏற்படுவது, பிறந்த பிள்ளை தூக்கத்தில் திடீரென இறப்பது எல்லாவற்றுக்கும் ஆபத்துக் கூடுகிறது. வெற்றிலையோடு போடுவது சின்னக் காரியம் என்று நினைப்பவர்களுக்கு: மும்பையில் 1,200க்கு மேற்பட்ட கர்ப்பிணிகளைப் பார்த்து 2004இல் வெளிவந்த ஆய்வில், புகைக்காமல் வாயில் புகையிலை பாவித்த பெண்களின் பிள்ளைகள் சராசரியாக 105 கிராம் குறைவாகப் பிறந்திருந்தார்கள். மற்றவர் விடுகிற புகைக்கும் கணக்கு இருக்கிறது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2011இல் சொன்னார்கள், தான் புகைக்காமல் பிறர் புகையைச் சுவாசிக்கும் கர்ப்பிணிக்குப் பிள்ளை இறந்து பிறக்கும் ஆபத்து ஏறக்குறைய 23 சதவீதம் அதிகம் என்று.

105 கிராம், 200 கிராம் என்றால் என்ன, ஒரு மாங்காயின் நிறைதானே என்று தோன்றலாம். 3 கிலோ பிள்ளைக்கு அது பெரிதில்லை. 1 கிலோ 900 கிராமில் பிறந்த பிள்ளையை வைத்திருந்தவளிடம் கேளுங்கள். பதினெட்டு நாளில் என் மகள் ஏறியது அவ்வளவுதான்.

"பிள்ளை சின்னதா இருந்தால் பிறப்புச் சுகமா இருக்கும்" என்றும் எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். மாமியும் சொன்னார். சின்னதாய் இருக்கும் பிள்ளை சுகமாய் இருப்பதில்லை என்பதை நான் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்றுதான் படித்தேன்.

இனி நான் உங்களுக்கு எழுத வந்த விஷயம்.

அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் முதல் பிள்ளைத்தாய்ச்சிகளைத் தொடர்ந்து பார்த்து 2009இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. புகைத்துக்கொண்டிருந்து, பதினைந்து கிழமைக்கு முன் முழுதாக நிறுத்திய பெண்களுக்குக் குறைமாதப் பிறப்பும் வளர்ச்சி குன்றிய பிள்ளைகளும் எவ்வளவு இருந்தன என்று பார்த்தார்கள். புகைக்காத பெண்களுக்கு இருந்த அளவுதான் இருந்தது. தொடர்ந்து புகைத்தவர்களுக்கு அதைவிட மிக அதிகம். இதை வாசித்தபோது நான் அழுதேன். என் மூத்த பிள்ளைக்கும் அந்தப் பதினைந்து கிழமை இருந்திருக்கிறது. அது போவது தெரியாமலே போய்விட்டது.

கர்ப்பம் என்று தெரிந்தால் எட்டுக் கிழமைக்குள் பதியுங்கள் என்று நீங்கள் எல்லோரும் எத்தனையோ வருடமாகச் சொல்லிவருகிறீர்கள். எங்கள் பெண்பிள்ளைகளும் பெரும்பாலும் கேட்டு நடக்கிறார்கள். அப்படியென்றால் எட்டுக்கும் பதினைந்துக்கும் நடுவில் ஏழு கிழமை உங்கள் கையில் இருக்கிறது. புகையிலை பாவிக்கிற ஒரு தாய், பாவிக்காத தாயைப் போலவே பிள்ளை பெறுவதற்கான வாய்ப்பு அந்த ஏழு கிழமைக்குள் இருக்கிறது. உலகத்தில் எத்தனையோ நாட்டில் கர்ப்பிணியின் வாசற்படிக்கு அரசாங்கத்தின் ஆள் நேரே வருவதில்லை. நம்முடைய நாட்டில் வருகிறார். அவ்வளவு தூரம் வந்தவர் ஒரே ஒரு கேள்வியைத் தவறாகக் கேட்டதால் அந்த ஏழு கிழமை வீணாகக்கூடாது.

ஆகவே கேள்வியை மாற்றுங்கள். "சிகரட் குடிக்கிறனீங்களா?" என்று மட்டும் கேட்டால் திருகோணமலைப் பெண் "இல்லை" என்றுதான் சொல்வாள். வெற்றிலை போடுவீர்களா, அதில் புகையிலை வைப்பீர்களா என்று கேளுங்கள். பாக்குத்தூள், கடையில் மடித்து விற்கிறது, பக்கட்டில் ரகசியமாக விற்கிறது ஏதாவது உண்டா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் யார் புகைக்கிறார், எந்த இடத்தில் வைத்து என்று கேளுங்கள். உலக சுகாதார நிறுவனமும் 2013இல் தந்த வழிகாட்டலில் இதைத்தான் சொல்கிறது: தாய் புகையிலை பாவிக்கிறாளா என்பதோடு பிறர் புகைக்குள் இருக்கிறாளா என்றும், முதல் வருகையில் மட்டுமல்ல, ஒவ்வொரு வருகையிலும் கேட்க வேண்டும்.

தனியாக வைத்துக் கேளுங்கள் என்பதை நான் இன்னும் அழுத்திச் சொல்வேன். என்னிடம் தையல் பழக வந்த ஒரு பிள்ளையின் கதை இது. யார், எந்த ஊர் என்று எழுதமாட்டேன். கலியாணத்துக்கு முன் வெளியூரில் கார்மென்ட் வேலைக்குப் போயிருந்தபோது, இரவு வேலையில் தூக்கத்தை முறிக்கச் சிகரட் பழகியிருக்கிறாள். ஊருக்கு வந்தும் விடவில்லை. கிணற்றடியில், மாமியார் கோயிலுக்குப் போன நேரத்தில், நாளுக்கு நாலைந்து. வாயில் கராம்பைப் போட்டு மணத்தை மறைப்பாள். கிளினிக்கில் கேட்டபோது பக்கத்தில் மாமியார் இருந்தார். அவள் என்ன சொல்லியிருப்பாள்?

எனக்கு அவள் சொன்னது ஒன்பதாம் கிழமையில். பாவாடை ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தோம். கத்தரிக்கோலை வைத்துவிட்டு அழத் தொடங்கினாள். "அன்ரி, நான் கெட்ட பொம்பிளையா?" என்றாள். ஆண் புகைத்தால் பழக்கம், பெண் புகைத்தால் ஒழுக்கக்கேடு என்று நாம் வைத்திருக்கிற அளவுகோல்தான் அவளைக் கிணற்றடியில் ஒளிய வைத்தது. அந்த வெட்கத்தால் பாதிக்கப்பட்டது வயிற்றில் இருந்த பிள்ளை. உங்களில் சிலர் அப்படி ஒரு பெண்ணைக் கண்டால் ஏசுவீர்கள் என்பது எனக்குத் தெரியும். தயவுசெய்து ஏசாதீர்கள். ஏச்சு வாங்கியவள் அடுத்த முறை பொய் சொல்வாள். அல்லது கிளினிக்குக்கே வரமாட்டாள்.

அவளுக்கு இரண்டு தவறான எண்ணங்கள் இருந்தன. திடீரென்று விட்டால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தாள். யாரோ அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். அப்படி ஒன்றுமில்லை, ஒரேயடியாக நிறுத்துவதால் பிள்ளைக்குக் கேடு வராது. மற்றது, ஐந்தை இரண்டாகக் குறைத்தால் போதும் என்று நினைத்தாள். குறைப்பவர்கள் அந்த இரண்டையும் ஆழமாக இழுத்து, கடைசிவரை குடிப்பார்கள். உடம்பு கேட்கிற நிக்கோட்டினை எப்படியும் எடுத்துக்கொள்ளும். குறைப்பதை முதல் படியாக வைக்கலாம், ஆனால் பலன் முழுதாக விடுவதில்தான் இருக்கிறது. இதை நான் சொல்லி அவள் நம்பியதைவிட, வெள்ளைச் சேலை கட்டிய ஒரு மிஸ் சொல்லியிருந்தால் ஒரு கிழமை முன்னரே நம்பியிருப்பாள்.

நான் விட்ட விதத்தை அவளுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன், இது எந்தத் தாய்க்கும் உதவலாம். முதல் மூன்று நாள்தான் மோசம். தலையிடி, எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் வரும். இரண்டு மூன்று கிழமையில் அடங்கும். ஆசை வருவது அலை மாதிரி, எழும்பும், ஒரு சில நிமிடத்தில் உடையும். கடலோரம் பிறந்தவர்களுக்கு இதைச் சொன்னால் உடனே விளங்கும். அலை வரும்போது எதிர்த்து நிற்காமல் வேறு வேலையில் இறங்க வேண்டும். நான் ஒரு செம்பு தண்ணீர் குடிப்பேன், முற்றத்தைக் கூட்டுவேன். சத்திக்கு இஞ்சித் தேத்தண்ணி. வாய்க்குப் புளிமாங்காய்த் துண்டு, ஏலக்காய், சீரகம். வெற்றிலைத் தட்டத்தை வீட்டிலிருந்தே எடுத்து மாமி தன் தங்கச்சி வீட்டில் வைத்தார். மாமி தானும் என் முன்னால் சுருட்டுக் குடிப்பதை நிறுத்தினார். பிள்ளைப்பேறு வரைக்கும் பின்வளவுக்குப் போய்த்தான் குடித்தார். எழுபது வயதுக்காரி மழையிலும் எழும்பிப் போவார். அது எனக்குப் பெரிய பலமாக இருந்தது.

அந்தப் பிள்ளை பதின்மூன்றாம் கிழமையில் கடைசிச் சிகரட்டைக் குடித்தாள். நடுவில் ஒரு தரம் வழுக்கி மறுபடியும் தொடங்கி மறுபடியும் விட்டாள். வழுக்கியவளை "நீ விடமாட்டாய்" என்று விட்டுவிடக்கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். பெரும்பாலானவர்கள் ஒரே தடவையில் விடுவதில்லை. 1948 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்தால் விடுவதற்கு ஆலோசனை சொல்வார்கள் என்பதையும் அவளுக்குச் சொன்னேன். அந்த இலக்கம் எங்கள் ஊரில் பலருக்குத் தெரியாது. கிளினிக் சுவரில் பெரிய தமிழ் எழுத்தில் ஒட்டிவிட்டால் என்ன? கிண்ணியா, மூதூர், குச்சவெளி, வெருகல் என்று எல்லா இடத்துக்கும் இது பொருந்தும். கந்தளாய், சேருவிலப் பக்கம் சிங்களத்திலும் ஒட்டட்டும். எங்கள் மூன்று சமூகத்துக்கும் வெற்றிலைத் தட்டம் பொதுதானே.

அடுத்தது ஆண்கள். நான் எழுதுவதில் இதுதான் மிகக் கடினமான பகுதி, ஏனென்றால் கிளினிக் பெண்களுக்கு என்று ஒரு எண்ணம் ஊறிவிட்டது. கணவன்மார் வெளியே மோட்டார் சைக்கிளில் சாய்ந்து காத்திருப்பார்கள், பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு. உள்ளே அவருடைய பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். அவரைக் கூப்பிடுங்கள். பதினைந்து கிழமைக்குள் ஒரு தரமாவது கணவனும் வர வேண்டும் என்று கார்டில் திகதி குறித்துக் கொடுங்கள். தொழிலுக்குப் போகிறவர்கள் எந்த நாளில் கரையில் நிற்பார்கள் என்று அந்தந்த ஊர் மிஸ்மாருக்குத் தெரியும். அந்த நாளைப் பாருங்கள். புதிதாய்க் கலியாணம் செய்தவர்களைச் சோடியாகக் கூப்பிட்டுப் பேசுகிறீர்களே, அங்கேயே தொடங்கினால் இன்னும் நல்லது.

வந்தவரிடம், "வெளியில போய்க் குடியுங்கோ" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். என் வீட்டுக்காரர் அப்படித்தான் தொடங்கினார். 2001இல் அந்த மிஸ் இரண்டு தரம் மாலையில் வந்து இவரைப் பிடித்துப் பேசினார். இவர் விறாந்தையை விட்டு வேலிக்கு வெளியே போனார். அதுவே பெரிய முன்னேற்றம், நான் மறுக்கவில்லை. யன்னலைத் திறந்துவிட்டால் போய்விடும், மின்விசிறியைப் போட்டால் சரி என்கிற கதைகளைவிட அது எவ்வளவோ மேல். அறைக்குள் விட்ட புகை மணிக்கணக்கில் நிற்கும். பிறர் புகையில் "இவ்வளவு வரை பரவாயில்லை" என்ற அளவு கிடையாது. ஆனால் வெளியே குடித்துவிட்டு வந்தவரின் சாரத்திலும் தாடியிலும் அது ஒட்டிக்கொண்டுதான் வருகிறது. வீட்டில் இன்னொருவர் புகைத்துக்கொண்டிருந்தால் விட்ட பெண்ணும் திரும்பப் பிடிப்பது சுலபம். மகன் பிறந்து இரண்டாம் வருடம்தான் இவர் முற்றாக விட்டார். பீடி சிகரட்டைவிட மெலிசு என்று அதுவரை நம்பியிருந்தார், அது உண்மையில்லை.

மகன் முப்பத்தொன்பதாம் கிழமையில் 2 கிலோ 950 கிராமில் பிறந்தான். ஒரு வீட்டுப் பிள்ளைகள் இரண்டை வைத்து எதையும் நிறுவ முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் பிறந்த அன்றே அவன் பால் குடித்த சத்தத்தை நான் மறக்கவில்லை.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் ஆஸ்பத்திரிக்குள்ளும் மூடிய பொது இடங்களிலும் புகைப்பதைத் தடுக்கிறது. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக்கூடாது என்கிறது. பெட்டியில் 80 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம் இருக்கிறது. இதெல்லாம் நல்லதுதான். ஆனால் எங்கள் ஊர்க் கடையில் பெரும்பாலும் பெட்டியாக வாங்குவதில்லை. ஒன்று, இரண்டு என்று தனித்தனியாகத்தான் வாங்குவார்கள். தனிச் சிகரட்டில் படம் இல்லை. புகையிலைத் துண்டில் எழுத்தும் இல்லை. அதனால் அந்தப் படம் செய்ய வேண்டிய வேலையை வாயால் செய்ய நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

பிள்ளை பிறந்த பிறகும் கேட்பதை நிறுத்தாதீர்கள். கர்ப்பத்துக்காக விட்டவர்கள் பலர் பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு திரும்பத் தொடங்கிவிடுகிறார்கள். தூக்கமில்லாத அந்த மாதங்கள்தான் ஆபத்தான காலம். நிக்கோட்டின் பாலிலும் வரும். அப்படி வழுக்கிய தாயிடம் பாலை நிறுத்து என்று சொல்லிவிடாதீர்கள், பால் கொடுத்துக்கொண்டே விடுவதற்கு உதவுங்கள். தாய்ப்பால் எப்படியும் பிள்ளைக்குத் தேவை.

பதினைந்து கிழமை தாண்டிவிட்டது என்றால் கைவிடச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. எந்தக் கிழமையில் விட்டாலும் பிள்ளைக்கு நன்மைதான். விட்டு ஒரு நாளைக்குள்ளேயே இரத்தத்தில் இருக்கும் காபனோரொட்சைட்டு குறைந்து பிள்ளைக்குக் கிடைக்கும் ஒட்சிசன் கூடுகிறது. கடைசி மூன்று மாதத்தில்தான் பிள்ளை வேகமாக நிறை போடும், ஆறாம் மாதத்தில் விட்டவளுக்கும் அந்தக் காலம் முழுதாகக் கையில் இருக்கிறது.

உங்கள் வேலைப்பளு எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு மிஸ்ஸுக்கு எத்தனை வீடு, எத்தனை புத்தகம், வெயிலில் எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்தவள்தான் நான். நான் கேட்பது இன்னொரு கூட்டமோ இன்னொரு படிவமோ இல்லை. இரண்டு நிமிடம். தனியாக, ஏசாமல், சரியான சொல்லில். 2001இல் குசினிப் பலகையில் குந்திய அந்த மிஸ்ஸுக்கும் இதே வேலைப்பளு இருந்தது. அவர் இப்போது இளைப்பாறிவிட்டார். எங்கேயாவது இதை வாசித்தால், என் மகன் நல்ல சுகமாக இருக்கிறான் என்று அவருக்குச் சொல்கிறேன்.

என் மகளுக்கு இப்போது பதினோராம் கிழமை. மருமகனோடு நான் சண்டை பிடிக்கவில்லை. இந்தக் கடிதத்தை முதலில் அவருக்குத்தான் வாசிக்கக் கொடுத்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பிள்ளை தன் மனைவிதான் என்பது அவருக்கு அதுவரை தெரியாது. வாசித்துவிட்டு ஒன்றும் பேசாமல் வெளியே போனார். அடுத்த நாளிலிருந்து அறைக்குள் புகை இல்லை. வரும் வியாழக்கிழமை கிளினிக்குக்குத் தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் வெளியே மோட்டார் சைக்கிளடியில்தான் நிற்பார், கூச்ச சுபாவம். தயவுசெய்து ஆள் அனுப்பி உள்ளே கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
திருக்கடலூரிலிருந்து ஒரு தாய்